கச்சானில் குளிராத ஏசி, மாரியில் கிளம்பாத கார்: குறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

திருகோணமலையில் காருக்கு வருடத்தில் இரண்டு தடவை சுகமில்லாமல் போகும். வைகாசியில் கச்சான் (தென்மேல் காற்று) அடிக்கத் தொடங்கியதும் "ஏசி குளிருதில்லை" என்று வருவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து வாடை திரும்பியதும் "விடியக் காலமை ஸ்டார்ட் எடுக்குதில்லை" என்று வருவார்கள். இரண்டும் வேறு வேறு நோய் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த ஊர்க் கார்களின் பொனற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்தே காலம் போக்கியவன் நான். மார்கழியில் காலை வாரிவிடும் பற்றரியை எடுத்து விசாரித்தால், அதற்கு உயிர் போனது ஆடி மாத வெயிலில்தான். மழைக் குளிர் அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்கள் காரில் தெரியும் குறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாமல் நீங்களே பார்க்கக்கூடியது முதலில் வரும், கராஜுக்குப் போகவேண்டியது கடைசியில் வரும். இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம்.

காற்று நன்றாக வருகிறது, குளிர் இல்லை

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஏசியைப் போட்டு, காற்றை முழு வேகத்தில் வையுங்கள். வெளியே வந்து பொனற்றைத் திறந்து காதைக் கொடுங்கள். பழைய அல்ட்டோ, விட்ஸ், கொரொல்லா போன்றவற்றில் யாராவது உள்ளே இருந்து ஏசி பட்டனை அமர்த்தியதும் கம்பிரசரிலிருந்து (ஏசிக் காஸை அமுக்கும் பம்ப்) "டக்" என்று ஒரு சத்தம் கேட்கவேண்டும். அதோடு பெல்ட் ஓடும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்டத் தட்டும் சேர்ந்து சுழலவேண்டும். (சில புதிய கார்களில் கம்பிரசரைப் பூட்டி விடுவிக்கும் இந்தக் கிளச்சே கிடையாது, அவற்றில் இந்தச் சத்தத்தைத் தேடவேண்டாம்.) பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும் இடம் அது. சால்வை, தளர்ந்த சேர்ட் கை, கழுத்துச் சங்கிலி எல்லாம் தள்ளி நிற்கட்டும்.

தட்டு சுழலவில்லை என்றால் முதலில் ஏசி பியூஸ். அடுத்தது ரிலே, மின்னைப் போட்டு நிறுத்தும் சின்னப் பெட்டி. பல கார்களில் ஹோர்ன் ரிலேயும் ஏசி ரிலேயும் ஒரே அளவாக இருக்கும். மேலே இருக்கும் இலக்கம் ஒத்துப்போனால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இப்போது ஏசி வேலை செய்து ஹோர்ன் நின்றுவிட்டால் பழுது அந்தச் சின்னப் பெட்டியில்தான். அதுவும் சரி என்றால், காஸ் குறைந்ததனால் பிரஷர் சுவிட்ச் கம்பிரசரை ஓடவிடாமல் நிறுத்தியிருக்கலாம். அது காரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது. காஸோடு கலந்து சுற்றும் ஒயில்தான் கம்பிரசருக்கு உயவு, காஸ் இல்லாமல் ஓடினால் கம்பிரசர் பிடித்துவிடும். வயரைக் குறுக்கே கொடுத்து "நேரடியாக ஓடவிட்டுப் பார்ப்பம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

தட்டு சுழல்கிறது, ஆனாலும் குளிரில்லையா? ஏசிக் குழாய் இரண்டில் மெல்லியது சூடாகவும் தடித்தது கை சில்லிடும்படியும் இருக்கவேண்டும். தொட முன்னம் மெல்லிய குழாய்க்குக் கையை மெதுவாகக் கிட்டக் கொண்டுபோங்கள், அது சுடும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் காஸ் குறைந்திருக்கும் அல்லது கம்பிரசர் அழுத்தம் கொடுக்கவில்லை.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். காஸ் என்பது பெற்றோல் மாதிரி எரிந்து தீரும் சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் வருடக் கணக்கில் சுற்றுகிறது. ரப்பர்க் குழாய்கள், சீல்கள் வழியாக மிக மெதுவாகக் கசிவது உண்டு, அதற்குப் பல வருடம் எடுக்கும். போன கச்சானுக்கு அடித்த காஸ் இந்தக் கச்சானுக்கு இல்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் காஸ் அடிப்பது, பொத்தல் வாளியில் தண்ணீர் அள்ளுவதுதான்.

நம் ஊரில் அந்த ஓட்டை பெரும்பாலும் கண்டென்சரில் இருக்கும். முன் கிறிலுக்குள் குனிந்து பார்த்தால் ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கும் அலுமினியச் சட்டம் அதுதான், காஸின் சூட்டை வெளியே விடுவது அதன் வேலை. டச்சுக்குடாப் பக்கம், உப்புவெளி, நிலாவெளி என்று கடற்கரையோடு ஓடும் காரில் உப்புக் காற்று நேரே போய் அதில்தான் மோதுகிறது. ஒரு தடவை ஒரு விட்ஸ் வந்தது. ஒரே வருடத்தில் மூன்று முறை காஸ் அடித்திருந்தார்கள். கண்டென்சரின் கீழ்மூலையில் அலுமினிய இதழ்கள் வெள்ளைப் பொடியாகி, விரல் பட்டதும் உதிர்ந்தன. அதன் பக்கத்தில் பெருவிரல் அளவில் ஒரு கறுப்புப் பிசுக்கு, அதில் தூசி ஒட்டியிருந்தது. சவர்க்கார நுரையைத் தடவிவிட்டு ரோச் லைற்றோடு காத்திருந்தோம். ஒரு நிமிடம்வரை ஒன்றுமில்லை. பிறகு நண்டு வாயில் நுரை வருகிற மாதிரிச் சின்னச் சின்னக் குமிழி, ஒன்றன்பின் ஒன்றாக. மூன்று தடவை அடித்த காஸும் அந்த ஊசித் துவாரத்தால்தான் போயிருக்கிறது. காஸோடு ஒயிலும் கொஞ்சம் வெளியே வருவதால்தான் பிசுக்குப் பிடிக்கிறது. உங்கள் காரிலும் அந்தப் பிசுக்கைத் தேடுங்கள். குழாய் மூட்டுகள், கம்பிரசரின் முன்பக்கம், கண்டென்சர் மூலைகள்.

கராஜில் என்ன கேட்கவேண்டும்? முதலில் நைதரசன் அடைத்தோ, ஒளிரும் சாயம் விட்டோ கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திருத்திய பிறகு வக்கியூம் பம்ப் குறைந்தது அரை மணி நேரம் ஓடவேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்றும் ஈரமும் வெளியேறாவிட்டால் ஈரம் காஸோடும் ஒயிலோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். கடைசியாகக் காஸைத் தராசில் நிறுத்து அடிக்கவேண்டும். எவ்வளவு என்று பொனற்றுக்குள் ஒட்டியிருக்கும் லேபலில் கிராமில் எழுதியிருக்கும். சின்னக் கார்களுக்கு அரைக் கிலோவுக்குக் கிட்டத்தான் வரும். கேஜ் ஊசியை மட்டும் பார்த்து அடிப்பதை நான் ஏற்கமாட்டேன். எஞ்சின் நின்றிருக்கும்போது 30 பாகை வெப்பத்தில் ஆர்134ஏ காஸ் 95 முதல் 100 பிஎஸ்ஐ வரை காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் அதேதான், 500 கிராம் இருந்தாலும் அதேதான். ஓடும்போது ஊசி காட்டுவது பழுதைப் பிடிக்க உதவும், அளவைச் சொல்லாது. அளவுக்கு மேலே அடித்தாலும் குளிர் குறையும், கம்பிரசருக்கும் பாரம்.

காஸ் வகையும் முக்கியம். தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களுக்கு ஆர்134ஏ. அதற்கு முந்தியவற்றுக்கு ஆர்12 இருந்தது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மொன்றியல் உடன்படிக்கையால் அது நிறுத்தப்பட்டது. அண்மைய கார்கள் பலவற்றில் ஆர்1234ஒய்எஃப். ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. மலிவு என்று சமையல் வாயு வகைக் காஸை ஆர்134ஏ காருக்குள் அடிக்க விடாதீர்கள், கசிந்தால் தீப்பிடிக்கும்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கம்பிரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, உயர் வோல்ட் மின்சாரத்தில் ஓடுகிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி ஒயில் வேண்டும். வழமையான பிஏஜி ஒயில் கொஞ்சம் உள்ளே போனாலும் மின்காப்புக் கெட்டு, கடைசியில் கம்பிரசரே மாற்றவேண்டி வரும். கராஜில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். தோடம்பழ நிற வயர்களை நீங்கள் தொடவே வேண்டாம்.

ஓடும்போது குளிர், நின்றால் சூடு

இது பெரும்பாலும் கண்டென்சருக்குக் காற்றுப் போதாத குறி. அநுராதபுரச் சந்தியில் நெரிசலில் நிற்கும்போது உள்ளே புழுக்கம், சாம்பல்தீவுப் பாலம் தாண்டி வேகம் எடுத்ததும் குளிர் திரும்பிவிடும். ஓடும்போது எதிர்க்காற்று செய்யும் வேலையை, நிற்கும்போது விசிறி செய்யவேண்டும்.

ஏசியைப் போட்டுவிட்டு முன்னால் போய்ப் பாருங்கள். விசிறி ஓடவேண்டும், சில கார்களில் விட்டுவிட்டு ஓடும். ஓடவில்லை என்றால் பியூஸ், ரிலே, பிறகு விசிறி மோட்டர். உப்பில் மோட்டரின் பெயரிங் துருவேறிப் பிடிப்பது நம் ஊரில் சாதாரணம். எஞ்சினை நிறுத்தித் திறப்பையும் வெளியே எடுத்த பிறகு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள், இலகுவாகச் சுற்றவேண்டும். திறப்பு போட்டபடி ஒருநாளும் கை வைக்காதீர்கள். எஞ்சின் நின்றிருந்தாலும் மின் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும்.

விசிறி நன்றாக ஓடுகிறதா? அப்படியென்றால் கண்டென்சரின் இதழ்களுக்குள் பூச்சியும் கச்சான் கொண்டுவந்த புழுதியும் அடைத்திருக்கும். தோட்டக் குழாயில் சாதாரண வேகத்தில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் அடிக்கும் வேகத்தில் கிட்டப் பிடித்தால் இதழ்கள் மடங்கிவிடும், பிறகு காற்று போகவே வழியில்லை. கடற்கரையோரம் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை இதைச் செய்தால் கண்டென்சருக்கு எத்தனையோ வருடம் கூடும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதில் கழுவாதீர்கள், குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

இதோடு டாஷ்போர்டில் வெப்ப முள்ளும் ஏறினால் அது ஏசிப் பிரச்சினை மட்டுமில்லை. உடனே ஏசியை நிறுத்தி, ஓரமாக விட்டு, எஞ்சினை ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு அளவைப் பாருங்கள். வெறும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருந்தால் உள்ளே உப்புப் படிந்து வழி சுருங்கியிருக்கும். கூலன்ட் (ரேடியேற்றருக்குள் ஊற்றும் திரவம்) குளிர்நாட்டுக்கு உரியது என்று ஒரு கதை இங்கே உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்குத் தேவையான வேலைகள்.

அரை மணி நேரம் நல்ல குளிர், பிறகு காற்றே குறைகிறது

ஹபரணைப் பக்கம் நீண்ட ஓட்டம் போகிறவர்கள் சொல்லும் குறி. கந்தளாய் மட்டும் நல்ல குளிர், அங்கால காற்று மெலிந்து மெலிந்து நின்றுவிடும், விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் கொயிலில் ஐஸ் பிடித்துவிட்டது. ஏசி பட்டனை மட்டும் அணைத்து, காற்றை முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். காற்று திரும்பினால் ஐஸ்தான். அப்போது காருக்குக் கீழே வழமையைவிடக் கூடத் தண்ணீர் வடியும்.

முதலில் கெபின் ஃபில்ட்டரைப் பாருங்கள். பல ஜப்பான் கார்களில் இடப்பக்கச் சாமான் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், திருப்புளி கூடத் தேவையில்லை. வெளியே எடுத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் தட்டிப் போட நினைக்காமல் புதியது வாங்குங்கள். நம் புழுதிக்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது. ஃபில்ட்டர் சுத்தமாக இருந்தும் ஐஸ் பிடித்தால் காஸ் குறைவு அல்லது கொயிலின் வெப்பத்தை அளக்கும் சென்சர் கெட்டிருக்கிறது.

ஒரே ஒரு வேகத்தில்தான் காற்று வருகிறது

நாலாம் இலக்கத்தில் மட்டும் ஓடி மற்றவற்றில் ஓடாவிட்டால் பழுது புளோவர் ரெசிஸ்டரில், விசிறி வேகத்தைக் குறைத்துக் கொடுப்பது அதுதான். விலை குறைந்த சாமான், மோட்டரை மாற்றச் சொன்னால் ஒருதடவை யோசியுங்கள். எந்த வேகத்திலும் வராவிட்டால் பியூஸ், பிறகு மோட்டர்.

ஊறல் மணம், காலடியில் ஈரம்

ஏசி போட்டதும் ஈரச் சாக்கு மணம் வந்தால் கூலிங் கொயிலில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வந்துசேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே ஏசி பட்டனை அணைத்து வெறும் காற்றை ஓடவிடுங்கள், கொயில் காய்ந்துவிடும். மணத்துக்கு மேல் வாசனைத் திரவம் தொங்கவிடுவதில் பிரயோசனமில்லை.

காருக்குக் கீழே ஏசித் தண்ணீர் சொட்டுவது நல்லது. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு நிறையவே சொட்டும். அது வெளியே சொட்டாமல் முன் சீற்றில் காலடி நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. கீழிருந்து மெல்லிய பிளாஸ்ரிக் குழாயால் மெதுவாகக் குத்திவிட்டால் குபுக்கென்று கொட்டும். இரும்புக் கம்பி வேண்டாம், கொயிலில் துளை விழலாம். காலடியில் கைவைத்தால் வழுவழுப்பு, உள்ளே இனிப்பு மணம், கண்ணாடியில் பிசுபிசுத்த மங்கல் என்றால் அது ஏசித் தண்ணீரில்லை, ஹீற்றரிலிருந்து கூலன்ட் ஒழுகுகிறது. அன்றைக்கே கராஜ்.

பழுது ஒன்றும் இல்லை, ஆனாலும் குளிர் போதவில்லை

ஒரு சின்ன வெப்பமானி வாங்கி நடு வென்ரில் செருகுங்கள். உட்காற்றுச் சுற்றும் பட்டனைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடிய பிறகு 10 பாகைக்குக் கிட்டவோ கீழேயோ காட்டினால் உங்கள் ஏசி நல்ல ஏசி. புழுக்கம் கூடிய நாளில் ஓரிரு பாகை கூடலாம். 35 பாகை வெயிலில் கோணேசர் கோயிலுக்குப் போய் வந்து, காலையிலிருந்து கோட்டைக்குள் நின்ற காரில் ஏறினால் எந்த ஏசியும் உடனே ஒன்றும் செய்யாது. நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓடுங்கள், அடுப்புச் சூடு வெளியே போகட்டும். பிறகு கண்ணாடியை ஏற்றி உட்காற்றுக்கு மாற்றுங்கள்.

பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிக் கடைக்குப் போவதை இந்த ஊர் வெயிலில் ஒரு நிமிடத்துக்கும் செய்யாதீர்கள். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் படுப்பதும் உயிரை எடுக்கும். புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை.

சரி, இனி மாரி.

திருகோணமலையில் மார்கழி இரவும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. பற்றரிக்கு இது குளிரே இல்லை. ஆனால் ஈய அமிலப் பற்றரிக்குள் நடப்பதெல்லாம் இரசாயனம். சூடு ஏறினால் உள்ளே அரிப்பு வேகமாகும், தண்ணீர் வற்றும். 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பற்றரிக்காரர் எல்லோரும் அறிந்த கணக்கு. கச்சான் வெயிலில், பொனற்றுக்குள் எஞ்சின் சூட்டில், ஏசி விசிறியின் பாரத்தையும் தாங்கிக்கொண்டு நாலு மாதம் கிடந்த பற்றரி ஐப்பசிக்கு வரும்போது பாதி உயிரோடுதான் வருகிறது. மழையில் ஹெட்லைற், வைப்பர், பின்கண்ணாடி ஹீற்றர் எல்லாம் ஒன்றாக ஓடும். அதோடு சரி.

"டிக்டிக்டிக்டிக்" என்று அடித்துக்கொண்டே இருக்கிறது

ஸ்டார்ட்டருக்கு இழுக்க மின் போதவில்லை. பற்றரி என்று முடிவுகட்ட முன்னம் முனைகளைப் பாருங்கள். ஒருமுறை மூதூரிலிருந்து ஓர் ஐயா புதுப் பற்றரி வாங்கும் காசோடு வந்தார். நேர்முனையில் வெள்ளையும் பச்சை நீலமுமாகப் பூப்பூத்த மாதிரி உப்பு. கிளாம்பைக் கழற்றினால் உள்வட்டம் முழுக்கச் சாம்பல் நிறம், ஈயத்தின் மினுக்கம் ஓர் இடத்திலும் இல்லை. கொதிநீர் ஊற்றி, பிரஷால் உரசி, மினுக்கம் தெரிந்ததும் இறுக்கிப் பூட்டினோம். ஒரே திருப்பில் பிடித்தது. "இவ்வளவுதானோ தம்பி?" என்றார். அவர் பற்றரி பிறகும் ஒரு வருடம் ஓடியது.

கழற்றும்போது எதிர்முனை முதலில், பூட்டும்போது எதிர்முனை கடைசியில். துடைத்துப் பூட்டிய பிறகு மேலே வஸ்லீன் பூசிவிடுங்கள். உப்புக் காற்றுக்கு இதைவிட மலிவான காப்பு கிடையாது.

முனை சுத்தம் என்றால் மீற்றரைப் பிடியுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்த பற்றரி. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் வெறுமையை நெருங்குகிறது. அதற்காகப் பற்றரி கெட்டதென்று அர்த்தமில்லை, சார்ஜ் ஏறாமலும் இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டவேண்டும். காட்டாவிட்டால் ஒல்ட்டனேற்றர் (பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) அல்லது பெல்ட். சார்ஜ் ஏறியும், ஸ்டார்ட் அடிக்கும் நேரத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரியை மாற்றுங்கள்.

பக்கத்துக் காரிலிருந்து கேபிள் போடும் ஒழுங்கு: சிவப்பை முதலில் செத்த பற்றரியின் நேர்முனையில், அதன் மறுமுனையை நல்ல பற்றரியின் நேர்முனையில். கறுப்பை நல்ல பற்றரியின் எதிர்முனையில், அதன் மறுமுனையைச் செத்த காரின் எஞ்சின் இரும்பில், பற்றரிக்குத் தள்ளி. சார்ஜாகும் பற்றரி ஐதரசன் விடும், அதன்மேல் பொறி விழக்கூடாது. மனுவல் கியர் காரைத் தள்ளி இரண்டாம் கியரில் எடுக்கலாம். ஓட்டோ கியர் காரையும் ஹைபிரிட்டையும் தள்ளி எடுக்கமுடியாது.

ஒரே ஒரு "டொக்", அல்லது சத்தமே இல்லை

விளக்கு மங்காமல் ஒரு "டொக்" மட்டும் என்றால் ஸ்டார்ட்டரின் சொலினொயிட் (அதற்கு மின்னைக் கொடுக்கும் காந்த சுவிட்ச்) அல்லது உள்ளே தேய்ந்த செப்புத் தட்டு. ஸ்டார்ட்டரை மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினால் ஒருமுறை எடுக்கும், கராஜ் மட்டும் போக அது போதும். சத்தமே இல்லாவிட்டால் ஓட்டோ கியரை பி-யிலிருந்து என்-க்கு மாற்றிப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் திறப்புக்குள் இருக்கும் சின்னப் பற்றரி தீர்ந்திருக்கலாம், திறப்பையே பட்டனோடு ஒட்டிப் பிடித்து பிரேக்கை மிதித்து அமர்த்துங்கள்.

ஹைபிரிட்டில் "ரெடி" வராவிட்டால் பெரிய பற்றரியை நினைத்துப் பயப்பட முன்னம் சின்ன 12 வோல்ட் பற்றரியை அளந்து பாருங்கள். ஒரு மாதம் ஓடாமல் விட்டாலே அது இறங்கிவிடும். பெரிய பற்றரிக்கான காற்று வழி பின் சீற்றுக்குப் பக்கத்தில் இருக்கும், அதில் பையை வைத்து மறைக்காதீர்கள். அது உள் காற்றால்தான் ஆறுகிறது, அதனால் உங்கள் ஏசி அந்தப் பற்றரிக்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது.

நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

மழை அடித்த காலையில் பழைய பெற்றோல் கார் இப்படிச் செய்தால் பிளக் வயரிலும் டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள்ளும் ஈரம். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். இருட்டில் பொனற்றைத் திறந்து ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொன்னால், வெடித்த வயரில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். அந்த வயரை மாற்றவேண்டும். புதிய காரில் டாஷ்போர்டில் திறப்புப் படம் மின்னினால் திறப்பைக் கார் அடையாளம் காணவில்லை, மற்றத் திறப்பைப் பாவியுங்கள். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து ஸ்டார்ட் அடிக்காதீர்கள், அரை நிமிடம் விட்டு அடியுங்கள்.

டீசல் வான், நுவரெலியாக் காலை, வெள்ளைப் புகை

நம் ஆட்கள் உண்மையான குளிரைச் சந்திப்பது இங்கேதான். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி 1,868 மீற்றர் உயரத்தில் இரவு நிறுத்துகிறார்கள். தை, மாசியில் அங்கே வெப்பம் 5 பாகைக்குக் கீழே இறங்கிப் புல்லில் உறைபனியும் படியும். ஊரில் ஒரு திருப்பில் எடுத்த வான், அங்கே விடிய ஐந்து மணிக்கு வெள்ளைப் புகையை மட்டும் கக்கிக்கொண்டு நிற்கும். எரியாத டீசல்தான் அந்தப் புகை.

டீசலுக்குப் பொறி கிடையாது, அமுக்கிய காற்றின் சூட்டில்தான் எரிகிறது. குளிர்ந்த எஞ்சினில் அந்தச் சூட்டுக்குக் கைகொடுப்பது ஹீற்றர் பிளக். நாலில் இரண்டு கெட்டாலும் திருகோணமலைச் சூட்டில் உங்களுக்குத் தெரியாது, நுவரெலியா சொல்லிவிடும். திறப்பை ஒரு படி திருப்பி, சுருள் படம் அணையும்வரை பொறுங்கள். பிடிக்காவிட்டால் திரும்ப ஒருமுறை சூடாக்கி அடியுங்கள். பயணத்துக்கு முன்னம் ஒவ்வொரு பிளக்கின் வயரையும் கழற்றி ஓம் மீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். நல்ல பிளக் இரண்டு ஓமுக்கு உள்ளே காட்டும், கெட்டது ஒன்றுமே காட்டாது. காற்று வழியில் எளிதில் தீப்பற்றும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்து எடுப்பதை ஹீற்றர் பிளக் உள்ள எஞ்சினில் செய்யவே கூடாது, உள்ளே வெடித்து எஞ்சின் உடையும்.

ஸ்டார்ட் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் ஒயிலையும் பாருங்கள். 20டபிள்யூ-50 ஒயில் அந்தக் குளிரில் பாகு மாதிரித் தடிக்கும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் இலக்கம் குறையக் குறைய குளிரில் இலகுவாக ஓடும். கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள், பழக்கத்துக்காகத் தடித்ததை ஊற்றாதீர்கள். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் எஞ்சினுக்கு மின்ஹீற்றர் பூட்டி இரவில் பிளக்கில் செருகுவதாகச் சொல்வார்கள். அங்கே பூச்சியத்துக்குக் கீழே 20, 30 பாகை, அவர்களுக்கு அது வேண்டும். நுவரெலியாவுக்கு நல்ல பற்றரி, நல்ல ஹீற்றர் பிளக், சரியான ஒயில் மூன்றும் போதும்.

நுவரெலியா வழியில் ரம்பொடைப் பக்கம் பனிப்புகாரில் முன்கண்ணாடி உள்ளே மங்கினால் சூட்டுக் காற்றோடு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும், ஒரு நிமிடத்தில் தெளியும். ஊர் மழையிலும் இதேதான். மாரியில் ஏசியை மறந்துவிடாமல் வாரம் பத்து நிமிடமாவது ஓடவிட்டால் சீல்களுக்கு ஒயில் கிடைக்கும், கச்சானுக்குக் காஸ் மிஞ்சும்.

வெள்ளத்துக்குள் நின்றுவிட்டது

தம்பலகாமம் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும்போது நடப்பது. காற்று வழியால் தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிஸ்ரனால் அதை அமுக்கமுடியாது. நீங்கள் ஸ்டார்ட் அடித்தால் கொனெக்ரிங் ரொட் வளையும். அதனால் திறப்பைத் தொடாமல், ஆட்களைக் கூப்பிட்டு மேட்டுக்குத் தள்ளுங்கள். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். காற்று ஃபில்ட்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் பெற்றோல் காரில் ஸ்பார்க் பிளக்கையும் டீசலில் ஹீற்றர் பிளக் அல்லது இன்ஜெக்டரையும் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றவேண்டும். ஒயில் அளவுக்கம்பியை இழுத்துப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறமாக வந்தால் ஒயிலிலும் தண்ணீர் கலந்துவிட்டது, அதையும் வடித்துப் புது ஒயில் விட்ட பிறகுதான் திறப்பைத் திருப்பவேண்டும்.